நகத்துக்குள் சோப்பு

கார் வேலைக்கு இறங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது பானட்டைத் திறப்பது அல்ல, சோப்புக் கட்டியை நகத்தால் பிறாண்டுவது. பத்து விரலையும் மடக்கி, ஈரம் படாத சோப்பில் பூனை மாதிரி நன்றாகப் பிறாண்ட வேண்டும். நகத்துக்குள் சோப்பு முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டால் கிரீஸுக்கு அங்கே இடம் கிடையாது. வேலை முடிந்து கழுவினால் சோப்பு கரைந்து வெளியே வந்துவிடும். இது என் கணவரின் சட்டம். அவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் கிடப்பார். ஊருக்கு வந்தால் மீதியெல்லாம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ஓலைக் கொட்டகையில், பழைய சாம்பல் நிறக் காருக்கு அடியில்.

கல்யாணமான புதிதில் அவர் சோப்பைப் பிறாண்டுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஆம்பளைக்கு நகத்தப் பத்தி இம்புட்டுக் கவலையா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஏளா, சாயங்காலம் இந்தக் கையாலதான உன் கன்னத்தத் தொடணும்?” என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிப் போயிற்று. அதற்கப்புறம் நான் அந்த விஷயத்தில் சிரிக்கவில்லை, சோப்பை நானே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

இன்னும் சில சட்டங்கள் உண்டு. சூடான இன்ஜினில் கை வைத்தால் தோல் கையுறை போட வேண்டும். சின்ன நட்டு, சின்ன ஸ்குரு என்றால் கையுறையைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிடி நழுவிக் கை போய் எங்கேயாவது இடிக்கும். மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. கப்பலில் ஒருவன் மோதிரம் ஏணியில் மாட்டி விரலைப் பறிகொடுத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதனால் வேலைக்கு முன்னால் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கட்டைவிரலில் மாட்டிவிடுவார். என் விரல்களில் அது ஒன்றுக்குத்தான் அந்த மோதிரம் சுமாராகவாவது பொருந்தும். நான் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு, டார்ச் பிடித்துக்கொண்டு, அவர் கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்ற நேரமெல்லாம் இப்போது எனக்குத் திரும்ப வேண்டும் போல இருக்கிறது. வேறென்ன கேட்கப் போகிறேன் இந்த வயதில்.

அவர் கப்பலுக்குப் போய்விட்டால் அந்தத் தோல் கையுறை கொட்டகையில் ஒரு ஆணியில் தொங்கும். அவர் விரல் மடங்குகிற இடத்திலெல்லாம் தோலும் மடங்கியே இருக்கும். துணி எடுக்கப் போகிற சாக்கில் போய் அதற்குள் என் கையை விட்டுப் பார்ப்பேன். அவர் கையைப் பிடித்த மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். காலியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலி அவருடைய அளவில் இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து மைனி கூப்பிடுவார்கள். கழற்றி மாட்டிவிட்டு ஓடுவேன்.

மைனி என்றால் என் கணவரின் அக்கா. தாய் போன பிறகு தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, கப்பல் படிப்பு வரை கொண்டுவந்து விட்டவர்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நானும் அவர்களும்தான் அந்த வீட்டில் இருந்தோம், எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் கிடையாது. சண்டை இல்லாவிட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் பின்பாதியில், புது ஹார்பர் வந்து கொஞ்ச காலம் ஆன பிறகு நடந்தது. அந்த முறை அவர் கப்பலேறியபோது எனக்கு வயிற்றில் பிள்ளை. பெண் பிறந்தாள், குப்புற விழுந்தாள், தலை நின்றது, உட்கார ஆரம்பித்தாள். எல்லாம் அவர் இல்லாமலே நடந்தது. மடியில் கிடந்து என் முகத்தையே பார்ப்பாள். அவர் சாயல் அப்படியே. அவருடைய சாயலை அவருக்குக் காட்ட முடியவில்லையே என்று அவள் கன்னத்தையே தடவிக்கொண்டிருப்பேன். எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். பிள்ளையை அவர் கையில் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து, வாசலில் காலை ஊன்றியபடியே சொன்னார். “அம்மா, சாரோட கப்பல் நாளைக்குக் காலைல நம்ம புது ஹார்பர்ல வந்து கட்டுது. கொஞ்சம் சரக்கு எறக்கிட்டு சாயங்காலமே போயிருமாம்.”

எத்தனையோ தேசத்துத் துறைமுகத்துக்கெல்லாம் போகிற கப்பல், எங்கள் ஊருக்கு மட்டும் வந்ததே இல்லை. முன்பெல்லாம் பெரிய கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும், படகில்தான் போய் வர வேண்டும். இப்போது கரையிலேயே வந்து கட்டப் போகிறது! மைனி அங்கனயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார்கள். ஆமென் சொன்ன வாய் மூடுமுன், “சீலா மீன் வாங்கணும்ளா. போன தடவ வந்தப்ப நல்ல மீனே கிடைக்கல” என்றார்கள்.

ஒரு பகல்தான் கப்பல் நிற்கும். அதில் அவருக்கு எவ்வளவு நேரம் விடுவார்களோ தெரியாது. ஹார்பர் ஊரை விட்டுத் தள்ளி, உப்பளங்களைத் தாண்டி இருந்தது. ரிக்‌ஷாவில் போனால் போக வரவே நேரம் முடிந்துவிடும், வெயிலில் பிள்ளை வாடிப்போகும். டாக்ஸி பேசலாம் என்று ஆள் அனுப்பினால், மறுநாள் நல்ல முகூர்த்தமாம், ஸ்டாண்டில் இருந்த வண்டியெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் பிடித்துவிட்டார்களாம். சரி, நம் காரைச் சரிபண்ணலாம் என்று மெக்கானிக் அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். அண்ணாச்சி அந்த முகூர்த்த டாக்ஸிகளில் ஒன்றில் ஏறிக் கயத்தாறுக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஊரே சேர்ந்துகொண்டு எனக்கு எதிராகக் கல்யாணம் பண்ணுகிற மாதிரி இருந்தது.

“விடுளா. தம்பி எப்படியாவது வந்து சேருவான்” என்றார்கள் மைனி.

“எப்படி வருவாக? நீந்தியா?” என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். மாப்பிள்ளையூரணிப் பக்கத்து ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டிருந்தார். ஆனால் வண்டி சில வாரங்களாக ஓடவில்லை. கடைசியாக எடுத்தபோது பானட்டிலிருந்து ஆவி பறந்தது, தள்ளிக்கொண்டு வந்து தார்ப்பாயைப் போட்டு மூடினதுதான். இப்போது தார்ப்பாயை இழுத்தேன். சோப்பைப் பிறாண்டினேன். கையுறையை மாட்டினேன், என் கை அதற்குள் தொலைந்து போயிற்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அடியில் ஒழுகியது, செம்மண் கரைத்த மாதிரி.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊரில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாயில் எப்போதோ வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும்தான். அவர் இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காருக்கு ஊற்றுவார். அவர் போன பிறகு நான் ஒருநாள் குடத்து நல்ல தண்ணீரைக் கொட்டகைக்கு எடுத்துப் போக, மைனி வழி மறித்தார்கள். “மனுசனுக்கே தண்ணி இல்ல. மெசினுக்கு என்னத்துக்கு நல்ல தண்ணி?” நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து காருக்கும் கிணற்றுத் தண்ணீர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். எங்கள் கார் உப்பைக் குடித்துவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய், இரும்புக் கழுத்தில் சேருகிற இடத்தில் கிழிந்திருந்தது. இரும்பும் துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கிழிந்த நுனியை வெட்டிவிட்டு, துருவைச் சுரண்டி, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றி, குழாயைத் திரும்ப மாட்டி, கிளிப்பை முறுக்கினால் போதும். அவர் ஒருமுறை அப்படிச் செய்ததற்கு நான்தான் டார்ச் பிடித்தவள். செய்துவிடலாம் என்று தைரியம் வந்தது. கையுறையைக் கழற்றி வைத்தேன். மோதிரச் சட்டம் நினைவுக்கு வந்தது. என் கையில் மோதிரம் இல்லை, இரண்டு கையிலும் தங்க வளையல்கள். கழற்றப் போனேன்.

மைனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். “ஏளா! என்ன செய்யுத?” என்று ஒரு சத்தம்.

“வளையலக் கழட்டுதேன். வேல செய்யணும்லா?”

“கட்டுன மனுசன் கடல்ல கெடக்கான். நீ வளையலக் கழட்டிட்டு மொட்டக் கையா நிக்கப் போறியா? அதுவும் அவன் வார நேரத்துல?”

“இதெல்லாம் வேதத்துல எங்கன இருக்கு மைனி? ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறிய.”

“வேதத்துல இல்லன்னா? எல்லாத்தையும் எழுதி வச்சுட்டா இருக்காக? கழட்டாத. நான் சொல்லுதேன், கழட்டாத.”

குரல் நடுங்கியது. அதைக் கேட்டதும் எனக்கும் பயம் வந்துவிட்டது, மறைப்பானேன். கடலில் இருக்கிற ஆளின் பெண்டாட்டிக்கு வாய் மட்டும்தான் துணிச்சல். வளையலை முழங்கைப் பக்கமாக ஏற்றி, மேலே கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினேன். மைனி திருப்தியோடு மீனுக்குச் சொல்லிவைக்கப் போனார்கள்.

கிளிப்பின் ஸ்குரு துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். ஸ்குரு டிரைவர் நழுவி விரல் கிழிந்தது, வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, திட்டிக்கொண்டு செய்தேன். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள், முகூர்த்தம் குறித்த ஜோசியன் முதல் எல்லோரும் வந்தார்கள். மத்தியானம் கழிந்து குழாய் மாட்டியாகிவிட்டது. டியூப் பட்டையைச் சுற்றிக் கிளிப்பை இறுக்கியபோது எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. அவரே வந்து பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, ஸ்பானரைப் போட்டு முறுக்கினேன். கைக்குட்டை எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. இடது கை வளையல் சரிந்து வந்து ஒரு பக்கம் ஸ்பானரிலும் ஒரு பக்கம் காரின் இரும்பிலும் பட்டது. நீலமாக ஒரு பொறி வெட்டியது. கரண்ட் பாய்ந்து வளையல் நெருப்பு வளையமாகிவிட்டது. ஸ்பானரை எறிந்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காகமெல்லாம் எழுந்து பறந்தது.

மைனி ஓடி வந்தார்கள். என் கையைப் பார்த்தார்கள். உள்ளே ஓடி, குடிக்கிற தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டில் கொட்டினார்கள். மெசினுக்கு ஒரு செம்பு தர மாட்டேன் என்ற அதே நல்ல தண்ணீர், மண்ணோடு மண்ணாக ஓடியது. பிறகு சோப்பைக் குழைத்துத் தடவி, பச்சைப் பிள்ளையின் கையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து, அவர்களே என் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழற்றும்போது அழுதார்கள். “ஆண்டவரே, நாந்தான் சொன்னேன், நாந்தான் சொன்னேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கை வெந்தது, சமாதானம் சொன்னதும் நான்தான். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்து வீட்டில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். “ஊத்துளா. மெசின் வயிறு நிறைய ஊத்து. நாளைக்கு அது ஓடணும்” என்றார்கள்.

மறுநாள் காலையில் பாட்டரிக்கு உயிர் போதவில்லை. முன்பக்கத்து ஓட்டையில் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். அதற்கும் அவரிடம் சட்டம் உண்டு. கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் வளைந்த கட்டைவிரல் போச்சு. கட்டுப் போட்ட கையோடு என்னால் சுற்ற முடியாது. “நான் சுத்துதேன்” என்று மைனி முன்னால் வந்து, ஆணியில் தொங்கிய கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மாட்டியவர்கள் சுற்றாமல் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

“தம்பி கை இம்புட்டுப் பெருசாவா ஆயிட்டு?” என்றார்கள். “பள்ளிக்கூடத்துக்குக் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவேன். ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கிரும்.”

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றினார்கள் பாருங்கள், தையல் டீச்சரா அது! மூன்றாவது சுற்றோ நான்காவது சுற்றோ, கார் இருமிக் கனைத்து ஓட ஆரம்பித்தது. மைனி கையுறையோடு கைதட்டினார்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, மைனி தைத்த வெள்ளை வாயில் துணிச் சட்டையை மாட்டினோம். கழுத்தில் சின்னச் சின்னதாக ஊசிப் பூ வேலை. “நீங்களும் வாங்க மைனி” என்று நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேன்.

“நான் வந்தா குழம்ப யாரு வைப்பா? வீட்டுக்குத்தான வாரான். ஒரு வாய் சூடாச் சாப்பிடட்டும். நீ போயிக் கூட்டிட்டு வா.”

பனையோலையில் முடைந்த ஒரு பெரிய கடகப் பெட்டியில் தலையணை வைத்து, பிள்ளையை அதில் உட்கார வைத்து, பக்கத்து சீட்டில் இறுக்கி வைத்தேன். மீன்காரியிடம் வாங்கின மீன் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்து வந்தாள். கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் இடது கை உயிரை வாங்கியது. இரண்டு பக்கமும் உப்பு குவித்திருந்த பாத்திகள், வெயிலில் கண் கூசியது. “அப்பாவப் பாக்கப் போறோம், அப்பாவப் பாக்கப் போறோம்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். எதிரே வந்த லாரிக்காரர்கள் பொம்பளை கார் ஓட்டுவதைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பினார்கள். திருப்பிக்கொள்ளட்டும். ரேடியேட்டரில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஹார்பர் கேட்டில் பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார்கள். தூரத்தில் ஒரு கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. அதுதான் என்று கேட்டில் நின்ற ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் காட்டினார். கிளார்க் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

“சார் வர முடியாதாம்மா. இன்ஜின்ல ஏதோ பம்பு போயிட்டுதாம். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணணும்னு எல்லாரும் கீழ கெடக்காங்க. யாரையும் வெளிய விடல.”

“பிள்ளையக் கொண்டு வந்திருக்கேன்னு சொன்னியளா?”

“சொல்லலம்மா. வீட்லேருந்து வந்திருக்காங்கன்னு…”

“போயிச் சொல்லுங்க! அவுக பிள்ளைய அவுக இன்னும் பாக்கலன்னு அந்தக் கேப்டன்கிட்டப் போயிச் சொல்லுங்க. நான் இங்கனதான் நிப்பேன். கேட்ட அடைச்சாலும் நிப்பேன்.”

நான் போட்ட சத்தத்தில் கேட் காவலரே, “போய்ச் சொல்லிட்டு வாங்க சார்” என்று கிளார்க்கைத் தள்ளிவிட்டார். காத்திருந்தேன். பிள்ளை காரின் நிழலில் பால் குடித்தாள், தூங்கினாள், விழித்தாள். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு அவர் பார்க்காமல் போய்விட்டால், நடுக்கடலில் இருப்பதைவிட அது தூரம் இல்லையா?

உச்சி வெயிலில் ஒரு ஆள் ஓடி வந்தார். கால் முதல் தலைவரை கறுப்பு. கிட்டே வந்த பிறகுதான் அவர் என்று தெரிந்தது. வந்த வேகத்தில் பிள்ளையை வாங்குவார் என்று நான் நீட்டினேன். அவர் சட்டென்று நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தொட முடியாதுளா” என்றார். கையை முன்னால் எடுத்துக் காட்டினார். முழங்கை வரை எண்ணெய். கையுறை பம்புக்குள்ளேயே கிழிந்து போயிற்றாம், வெறும் கையால்தான் வேலை நடக்கிறதாம். கேட்டுப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. ஓடிப் போய்த் திறந்தார். காற்றுதான் வந்தது. எங்கள் ஊர்க் குழாய் வேறென்ன செய்யும். பையிலிருந்து நூல்கழிவை எடுத்துத் துடைத்தார், துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவியது. கைகளைப் பின்னால் கட்டியபடியே குனிந்து, பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்த்தார். அவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அவருடைய கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“பிடிங்க” என்றேன்.

“வெள்ளச் சட்டளா…”

“சட்ட கெடக்கு சட்ட! பிடிங்கங்கேன்!”

கத்திவிட்டேன். அவர் வாங்கினார். இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்து, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவள் அழவில்லை. அந்தக் கறுப்பு முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, எச்சில் வடியச் சிரித்தாள். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். உள்ளிருந்து யாரோ விசில் அடித்துக் கூப்பிட்டார்கள். திரும்ப என்னிடம் கொடுக்கும்போதுதான் என் கைக்கட்டைப் பார்த்தார்.

“கையில என்ன?”

“பாட்டரி.”

“வளையலோடயா கை வச்ச?”

தலையாட்டினேன்.

“கிறுக்கச்சி” என்றார். அந்த ஒரு சொல்லை எத்தனை நாள் நான் வைத்துக் கொண்டாடினேன் தெரியுமா? இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். “அக்கா வரலியா?”

“மீன் குழம்பு வைக்காக.”

ஊர்ப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “சாப்பிட்டேன்னு சொல்லிரு” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோது பிள்ளை வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள், அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அது பிறகு. அன்றைக்குத் திரும்பி வரும்போது கடகப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவளையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கமும் அவருடைய இரண்டு கை. உள்ளங்கை, விரல், கட்டைவிரல் எல்லாம் அச்சுப் பிசகாமல். நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சட்டையைத் துவைக்க மாட்டேன், டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்வேன், அவர் இல்லாத நாளில் எடுத்துப் பார்ப்பேன் என்று வழியெல்லாம் திட்டம் போட்டேன்.

மைனி தெருவாசலிலேயே நின்றார்கள். புதுச் சேலை கட்டியிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காரின் பின்சீட்டைப் பார்த்தார்கள்.

“வர முடியல மைனி. இன்ஜின் வேல. சாப்பிட்டாகளாம், சொல்லச் சொன்னாக.”

மைனி அந்தப் பக்கம் திரும்பிப் புதுச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். பிறகு குனிந்து பிள்ளையை எடுத்தார்கள். “இதென்னளா, வண்டிக் கறுப்பெல்லாம் பிள்ள மேல தேச்சுக் கொண்டாந்திருக்க?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். அது வண்டிக் கறுப்பு இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். கை விண்விண்ணென்று தெறித்தது, தலை சுற்றியது. படுக்கையில் போய் விழுந்ததுதான் தெரியும், கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பின்வாசலுக்கு வந்தேன். கொடியில் சட்டை ஆடிக்கொண்டிருந்தது, பால் வெள்ளையாக. மைனி துவைகல் பக்கத்தில் தலை கலைந்து, கை சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு வைத்த குழம்பைத் தொடவில்லை. நான் திரும்பி வந்த பிறகு அவர்களுக்கு வாய்த்த வேலை அந்தச் சட்டையைத் துவைப்பது ஒன்றுதான்.

“பாத்தியா? மண்ணெண்ணெயில ஊற வச்சு, சலவச் சோடாவுல அவிச்சு, மறுபடி சோப்புப் போட்டேன். ஒரு பொட்டு கெடையாது” என்றார்கள். “இனிமே கார்ல கை வச்சா, கழுவிட்டுப் பிள்ளையத் தூக்கு.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்னவோ, அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை.

“அது என் கை இல்ல மைனி. அவுக பிள்ளையத் தூக்குனாக.”

மைனி என்னைப் பார்த்தார்கள். கொடியைப் பார்த்தார்கள். எழுந்து போய்ச் சட்டையின் விலாப்பக்கத்தைப் பிடித்து வெளிச்சத்தில் விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்கள். அவர்கள் சொன்னது சரிதான், ஒரு பொட்டு இல்லை.

துவைத்த தண்ணீர் அலுமினியத் தொட்டியில் இன்னும் கொட்டாமல் இருந்தது, அவர் கைக் கறுப்பெல்லாம் கரைந்து, மேலே எண்ணெய் மினுங்க. மைனி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முழங்கை வரை இரண்டு கையையும் அதற்குள் விட்டுக்கொண்டார்கள். நான் கூப்பிட்டேன். அவர்கள் எழுந்து வரவில்லை.